சேர்த்தி எண்

மூன்றாம் முறை கயிற்றை இழுத்தபோதுதான் ஜெனரேட்டர் பற்றிக்கொண்டது. அமிர்தநாயகம் சோக்கை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, குனிந்தபடியே காது கொடுத்துக் கேட்டார். இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு சத்தம் அடைத்து இறங்கியது, முக்கி முனகித் திரும்ப ஏறியது, மறுபடியும் இறங்கியது. நாற்பது வருடம் படகு எஞ்சின் திருத்தியவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுமை கூடிவிட்டது. வீட்டுக்குள் இருக்கிற இரண்டு மெசினையும் சேர்த்து இழுக்க இந்தச் சின்ன ஜெனரேட்டரால் ஏலாது.

ஒன்று பங்குக் கோயிலிலிருந்து இரவல் வாங்கி வந்த ஒட்சிசன் மெசின். மற்றது மனைவி பெற்றிசியாவின் கணினி.

லைன் வேலை நடப்பதால் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை தோட்டவெளிப் பக்கம் மின்சாரம் இருக்காது என்று முதல்நாளே அறிவித்திருந்தார்கள். சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் தீவின் தென்கரைக் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவது பனைகளுக்கு மேலால் தெரிந்தது. இவ்வளவு காற்றிருந்தும் வீட்டுக்குள் ஒரு விசிறி சுற்ற வழியில்லையே என்று நினைத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனார்.

பெற்றிசியா நான்கு தலையணைகளில் சாய்ந்து கண்ணை மூடியபடி கிடந்தாள். மூக்கில் குழாய். மெசினின் பக்கத்துப் போத்தலில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அமிர்தநாயகம் சத்தம் போடாமல் மூலைக்குப் போய்க் கணினியின் சுவிட்சை அமத்தினார். பதினொரு நாளாக ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அதன் விசிறி நின்றது. உடனே அவள் கண்ணைத் திறந்தாள்.

"நிப்பாட்டிப்போட்டீங்களோ?"

"கொஞ்ச நேரத்துக்குத்தான். ரெண்டையும் இழுக்குதில்லை."

அவர் நினைத்ததுபோல அவள் கோபப்படவில்லை. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிச் சொன்னாள். "பரவாயில்லை. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அது தன்ர இடத்தை எழுதி வைக்கும். திரும்பப் போட்டா விட்ட இடத்தில இருந்து துவங்கும்." கொஞ்சம் பொறுத்து, "எனக்குத்தான் அப்பிடி ஒண்டு இல்லை," என்றாள்.

அமிர்தநாயகம் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, சுவாசப்பை இறுகிக் கல்லாகிக்கொண்டு வருகிறது, இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்று சொல்லியிருந்தார். நேற்றுப் பின்னேரம் பங்குத்தந்தை வந்து, கடைசி நேரத்தில் எண்ணெய் பூசிக் கொடுக்கிற நோயில்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றையும் அவளுக்கு ஒளிக்க முடியவில்லை. ஒளிக்கக்கூடிய ஆளும் அவள் இல்லை.

"இன்னும் எவ்வளவு கிடந்தது?" என்று கேட்டாள்.

அமத்த முன்னர் திரையில் பார்த்ததைச் சொன்னார். மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும்.

"அந்த மூண்டு மணித்தியாலத்தை எனக்கு எடுத்துத் தாருங்கோ," என்றாள் பெற்றிசியா.

முப்பத்துநான்கு வருட வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்டு வாங்கியவை மிகக் குறைவு. அமிர்தநாயகம் மகள் டினோஜாவைக் கூப்பிட்டுத் தாயின் பக்கத்தில் இருத்திவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பெற்றிசியா தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள். ஓய்வுபெறுவதற்கு வெகுகாலம் முன்னரே, உலகமெங்கும் முகம் தெரியாத ஆட்கள் தங்கள் வீட்டுக் கணினிகளைக் கொண்டு பங்குபோட்டுத் தேடும் ஒரு தேடலில் அவளும் சேர்ந்துகொண்டாள். பெரிய முதன்மை எண்களைத் தேடுவது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறொன்றாலும் பிரிபடாத எண்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தொடக்கத்தில் நெருக்கமாக நிற்கும் இவை, போகப்போக ஐதாகிக்கொண்டே போகும். ஆனால் ஒருக்காலும் முடிந்துபோகாது. முடியாது என்பதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட நிரூபணம் இருக்கிறது. அடுத்தது எங்கே நிற்கிறது என்று சொல்லத்தான் ஒருவரிடமும் வழியில்லை. போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அமிர்தநாயகத்துக்கு இதை விளங்கப்படுத்த அவள் ஒருநாள் பட்டறைக்கே வந்து, எஞ்சின் மூடி ஒன்றின் மேல் சோக்குக் கட்டியால் எழுதிக் காட்டியிருக்கிறாள். இரண்டை ஒரு கோடி தடவைக்கு மேல் எழுதி எல்லாவற்றையும் பெருக்கவேண்டும். வந்ததை ஒரு சின்ன ஒற்றை எண்ணால் பெருக்கி ஒன்றைக் கழிக்கவேண்டும். அப்படி வரும் எண்ணுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். தாளில் அடித்தால் ஆயிரம் பக்கம் வரும். ஆனால் கணினிக்குள் இருக்கிற இரண்டின் கணக்கில் எழுதினால் அதே எண் அழகாக நிற்கும்: முன்னால் கொஞ்சம் கலவையாக, அதற்குப் பிறகு ஒரு கோடி ஒன்றுகள் ஒரு பூச்சியமும் இடையில் வராமல். அவருக்கு அந்த ஒரு கோடி ஒன்றுகள் மட்டும் பிடிபட்டது. நல்ல எஞ்சின் ஒன்றின் அடிபோல, தவறாமல் ஒன்று, ஒன்று, ஒன்று.

பதினான்கு வருடத்தில் அவள் அறுநூற்றுப் பதினொரு எண்களைப் பார்த்து முடித்திருந்தாள். ஒன்றும் முதன்மை எண்ணாக இருக்கவில்லை. ஐம்பதாயிரத்தில் ஒன்று தேறினாலே அதிகம் என்று அவளே சொல்லுவாள். இது அறுநூற்றுப் பன்னிரண்டாவது.

அமிர்தநாயகம் தேடிப்போன நஸார் எருக்கலம்பிட்டிப் பாதையில் நண்டு வாங்கிக் குளிரறையில் வைத்து அனுப்புகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் நேரே பின்பக்கம் போய், குளிரறையோடு இணைத்திருந்த பெரிய டீசல் ஜெனரேட்டரின் வயர்களைக் கழற்றத் தொடங்கினார். அமிர்தநாயகம் பதறிப்போனார். உள்ளே சரக்கு இருக்குமே என்றார். இருக்கு, ஐஸைக் கொட்டி மூடிவிட்டால் பின்னேரம்வரை தாங்கும் என்றார் நஸார். தாங்காவிட்டால் என்று அமிர்தநாயகம் கேட்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது சின்னப் பையனாகத் தீவை விட்டுப் புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் கழித்துப் பிள்ளைகளோடு திரும்பி வந்தவர் நஸார். வந்த புதிதில் பள்ளிக்கூடம் மாறிக் கணக்கில் தடுமாறி நின்ற அவருடைய மகள் பரீனாவைப் பெற்றிசியா ஒரு வருடம் முழுக்க வீட்டில் வைத்துப் படிப்பித்தாள். அதைப் பற்றி நஸார் இன்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெனரேட்டரைத் தன்னுடைய சின்ன லொறியில் ஏற்றி அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

பத்தரை மணிக்கெல்லாம் வேலிக்கரையில் பெரிய ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. கணினியும் திரும்ப உயிர்த்தது. தாய் சொல்லச்சொல்ல டினோஜா எதையெதையோ அமத்த, திரையில் எண்கள் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தன. நஸார் உள்ளே வரவில்லை. டீசல் கானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேம்புக்குக் கீழே கதிரையில் இருந்துவிட்டார்.

அமிர்தநாயகம் மனைவியின் கால்மாட்டில் இருந்தார். அவள் கொஞ்சம் தூங்குவாள், விழிப்பாள், திரையில் என்ன நிற்கிறது என்று கேட்பாள். முடிவு வந்தால் எப்படி வாசிப்பது என்று அவருக்குச் சொல்லித் தந்தாள். கணினி ஒரு சின்ன எண்ணில் தொடங்கி, அதைத் தன்னாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, நம்முடைய பெரிய எண்ணால் வகுத்து, மிச்சத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளும். அந்த மிச்சத்தைத் திரும்பப் பெருக்கும், கழிக்கும், வகுக்கும். இப்படி ஒரு கோடி தடவைக்கு மேல். கடைசியில் வருகிற மிச்சம் பூச்சியம் என்றால் அது முதன்மை எண். வேறென்ன வந்தாலும் இல்லை. இல்லையென்றால் அந்த மிச்சத்தின் கடைசிப் பதினாறு எழுத்துக்களை, ஒன்பதுக்கு மேலே ஏ முதல் எஃப்வரை போகிற கணினியின் இலக்கங்களில், திரை காட்டும்.

"சைபர் எண்டு வந்தா அது. எழுத்து வந்தா இல்லை," என்று அவர் திருப்பிச் சொன்னார்.

"ஓம். அவ்வளவுதான்."

குசினிக்குள் தண்ணீர் எடுக்கப் போனபோது டினோஜா அவரை மறித்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. வவுனியாவில் கந்தோர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று கிழமையாக இங்கேதான் நிற்கிறாள்.

"அப்பா, என்ன வந்தாலும் சைபர் எண்டு சொல்லுங்கோ. அம்மாவுக்கு இப்ப அந்தத் திரையில எழுத்துத் தெரியாது. சந்தோசமாப் போகட்டும்."

அவர் தலையை ஆட்டினார். சொல்லப்போனால், மோட்டார் சைக்கிளில் போகும்போதே அவர் அதைத்தான் நினைத்திருந்தார். ஒரு சொல். அதைச் சொல்வதற்கு என்ன கஷ்டம்?

ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் பிந்தித் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றன. கீழே ஒரு புதிய வரி வந்தது. அமிர்தநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். டினோஜா கதவு நிலையில் நின்றாள்.

ஆங்கில வரி. அதன் முடிவில் எழுத்தும் இலக்கமும் கலந்த பதினாறு.

"என்ன வந்தது?" என்றாள் பெற்றிசியா.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்த அவளுடைய பார்வையைக் கண்டதும் அவருக்குத் தம்பி ஜஸ்ரினின் ஞாபகம் வந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். ஜஸ்ரினும் கூட்டாளி ஒருவனும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அக்கரையில் ஒதுங்கியிருப்பான், அங்கே பிடித்து வைத்திருப்பார்கள், இன்று வருவான், நாளைக்கு வருவான் என்று ஊர் முழுக்கச் சொன்னது. சுவாமியாரும் அதையே சொன்னார். அமிர்தநாயகம் பகலும் இரவுமாகக் கரையில் நின்றார். பதினோராம் நாள் பெற்றிசியா அவரைத் தேடிக் கரைக்கு வந்தாள். படகில் இருந்த எண்ணெய் எவ்வளவு, தண்ணீர்க் கான் எத்தனை, அந்த நாட்களில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகம் என்று எல்லாவற்றையும் ஆட்களிடம் கேட்டு எழுதி வைத்திருந்தாள். தாளை அவரிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இனி வரமாட்டார், வீட்டுக்கு வாங்கோ என்றாள். அவர் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரால் அழ முடிந்தது. அழுதபிறகுதான் சாப்பிட முடிந்தது. தாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூசை ஒப்புக்கொடுக்க முடிந்தது. அந்தக் கடலோரத்தில் இன்னும் ஒரு மாதம் நின்றிருந்தால் தான் என்னவாகியிருப்பேன் என்று அவர் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறார். அதை அவளிடம் சொன்னதில்லை.

"ஏ," என்றார் அமிர்தநாயகம்.

டினோஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெற்றிசியாவின் கண்கள் மெல்ல மூடின. "பிறகு?"

"ஏழு. மூண்டு. எஃப்."

"ம்."

"சைபர். ரெண்டு. டீ. ஒம்பது." அவர் விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்றையும் விடவில்லை. அவளும் ஒன்றையும் தவறவிடாமல் கேட்டாள் என்பது அவளுடைய உதடு அசைந்ததில் தெரிந்தது. பதினாறும் முடிந்தபோது அறைக்குள் போத்தல் குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப சேர்த்தி எண்," என்றாள் பெற்றிசியா.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு அதுதான் பெயர். முதன்மை இல்லாதது சேர்த்தி. வேறு எண்கள் சேர்ந்து பெருகி வந்தது. அமிர்தநாயகம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எதால பிரியும் அது?" என்று கேட்டார். ஏதாவது கேட்கவேண்டும் என்றிருந்தது.

"அது தெரியாது. அதுதான் இதில விசேஷம்." மூச்சுக்காக நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். "பிரியும் எண்டு மட்டும் இந்தக் கணக்குச் சொல்லும். எதால எண்டு சொல்லாது. எங்கயோ ரெண்டு பேர் சேர்ந்துதான் இது வந்திருக்கு. ஆர் எண்டு உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது." திரும்பவும் நிறுத்தினாள். "தனி இல்லை. அது மட்டும் நிச்சயம்."

அவள் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினார். இல்லை. கடினமான ஒரு கணக்கைச் செய்து முடித்த பிள்ளையின் கொப்பியைத் திருத்தும்போது அவள் முகத்தில் எது இருக்குமோ, அதுதான் இருந்தது.

"அனுப்பிவிடுங்கோ," என்றாள். "இனி இதை ஒருத்தரும் தேடத் தேவையில்லை."

டினோஜா வந்து தகப்பனின் விரலைப் பிடித்து எங்கே அமத்தவேண்டும் என்று காட்டினாள். அவர் அமத்தினார். அறுநூற்றுப் பன்னிரண்டாவது முடிவு வீட்டை விட்டுப் போனது.

"நீங்கள் சைபர் எண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் நினைச்சனான்," என்றாள் பெற்றிசியா.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, டினோஜா ஓடிவந்து முதுகைத் தடவி, அது அடங்கச் சிறிது நேரம் எடுத்தது. அடங்கியபிறகு அவள் அவருடைய கையைத் தேடிப் பிடித்தாள். காலையில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய கறுப்பு இன்னும் நகத்துக்குள் இருந்தது. அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நன்றி," என்றாள்.

மேடையிலும் கடிதத்திலும் வருகிற சொல் அது. அந்த வீட்டுக்குள் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டதே இல்லை. "நீர் கொஞ்சம் படுத்திரும்," என்று சொல்லி அமிர்தநாயகம் தலையணையைச் சரிசெய்தார்.

அவள் படுத்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நேரம் கூடிக்கொண்டு வந்தது. டினோஜா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினாள். அமிர்தநாயகம் வாயசைத்தாரே தவிர அவருடைய காது முழுக்க அந்த மூச்சில் இருந்தது. மூன்றரை மணியளவில் ஒரு மூச்சு வெளியே போனது. அவர் அடுத்ததற்குக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து, அவளுடைய மூக்கிலிருந்து குழாயைப் பக்குவமாக எடுத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, ஒட்சிசன் மெசினை நிற்பாட்டினார்.

சுமை குறைந்ததும் வெளியே ஜெனரேட்டரின் சத்தம் ஒரு படி ஏறியது. வேம்புக்குக் கீழே இருந்த நஸார் அதைக் கேட்டு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசற்படிவரை வந்து, தன்னுடைய மார்க்கத்தில் ஓதவேண்டியதை ஓதினார். பிறகு ஓசைப்படாமல் போய் ஜெனரேட்டரை நிற்பாட்டினார். அந்த அமைதியில்தான் டினோஜாவின் அழுகை வெளியே கேட்டது.

நல்லடக்கம் அடுத்தநாள் பின்னேரம் நடந்தது. எதிர்பார்த்ததை விட ஆட்கள் வந்தார்கள். பெரியமடு, அரிப்பு போன்ற தூர ஊர்களிலிருந்து பழைய மாணவர்கள் வான் பிடித்து வந்தார்கள். தலை நரைத்த ஒருவர், மைனசும் மைனசும் சேர்ந்தால் ஏன் பிளஸ் என்று ரீச்சர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை என்றார். பிரான்சில் இருக்கும் ஒருத்தி தொலைபேசியில் அழுதாள். பரீனா கைக்குழந்தையோடு வந்து, பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். அமிர்தநாயகம் எல்லாருடைய கையையும் பிடித்து, வந்தது பெரிய உதவி, வந்தது பெரிய உதவி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனுசன் அதிர்ச்சியில் என்ன சொல்லுகிறோமென்று தெரியாமல் சொல்லுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. மண் போடும்போது சோளகம் அவருடைய பிடி மண்ணில் பாதியைப் பறித்துக்கொண்டு போனது.

நஸாரின் நண்டில் ஒரு பங்கு பழுதாகிப்போனதை வேறொரு ஆள் சொல்லித்தான் அவர் அறிந்தார். கேட்டபோது, அது பெரிய விஷயமில்லை அண்ணை என்று நஸார் பேச்சை மாற்றிவிட்டார்.

நாலாம் நாள் காலை டினோஜா கணினியைத் திறந்தாள். வேலைக்குத் திரும்ப முன்னர் தாயின் கடிதங்களை ஒழுங்குபடுத்தி வைக்கவேண்டும் என்று அவளுக்கு. கொஞ்ச நேரத்தில், "அப்பா, ஒருக்கா வாங்கோ," என்று கூப்பிட்டாள்.

வேறு நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று அவர்களால் பிடிக்க முடியவில்லை. அம்மா அனுப்பிய எண்ணை அந்த ஆள் தன்னுடைய வேகம் கூடிய கணினியில், வேறொரு முறையில், முதலிலிருந்து திரும்பச் செய்து பார்த்திருக்கிறாராம். இரண்டு பேர் தனித்தனியே செய்து ஒரே விடை வந்தால்தான் அது முடிந்த எண்ணாகக் கணக்கில் ஏறும்.

"பதினாறும் பொருந்துதாம் அப்பா. பிழை ஒண்டும் இல்லையாம். இவ்வளவு நாள் செய்த வேலைக்கு நன்றியாம்." டினோஜா மூக்கை உறிஞ்சினாள். "அம்மா போனது அவைக்குத் தெரியாது. நான் எழுதுறன்."

"எழுது. நாங்களும் நன்றி சொன்னதாப் போடு."

அவள் எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு திரையில் இன்னொரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அமிர்தநாயகம் அது என்னவென்று கேட்டார். அடுத்த எண் வேணுமோ என்று கேட்கிறது என்றாள் அவள். வேண்டாம் என்று போடப்போன கையை அவர் பிடித்தார்.

"எத்தினை நாள் எடுக்குமாம்?"

"பன்ரெண்டு."

"போடு."

டினோஜா தகப்பனைப் பார்த்தாள். பிறகு அமத்தினாள். விசிறி இரையத் தொடங்கியது. சிறிது நேரத்தில் அந்த மூலை சூடேறியது. அமிர்தநாயகம் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டார்.

சாவீட்டுக்கென்று படலையில் கட்டிய குருத்தோலைத் தோரணம் இன்னும் அவிழ்க்கப்படாமல் காய்ந்து தொங்கியது. தெருவில் திரிகிற கழுதைகளில் ஒன்று குட்டியோடு வந்து நின்று அதைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. எட்டியதை எல்லாம் தின்று முடித்துவிட்டுக் கழுத்தை நீட்டி, உயரத்தில் இருந்ததை இழுத்துக் கீழே போட்டது. குட்டி அதை முகர்ந்து பார்த்தது.

"துரத்துங்கோ அப்பா," என்றாள் டினோஜா உள்ளிருந்து.

"தின்னட்டும்," என்றார் அமிர்தநாயகம்.

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குட்டி முதல் ஓலையை வாயில் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.